புதுக் கதையை எடுக்க ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஏன் தயங்குகின்றன?

ரசனை இல்லாததால் அல்ல, கணக்கு இடிக்கிறது. 20 கோடி டாலரில் ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க விளம்பரத்துக்கு இன்னொரு 10 கோடி. டிக்கெட் வசூலில் ஏறக்குறைய பாதி தியேட்டருக்குப் போய்விடும். ஆக, திரையரங்கிலேயே போட்டதை எடுக்க 60 கோடி வசூலாக வேண்டும். முன்பெல்லாம் தியேட்டரில் சறுக்கிய படத்தை டிவிடி விற்பனை கைதூக்கிவிடும். அந்த வருமானம் வற்றியதும், மக்களுக்கு ஏற்கெனவே தெரிந்த கதையின் அல்லது கதாபாத்திரத்தின் பெயர்தான் காப்பீடு என்றாகிவிட்டது.

அதனால் புதுமை பிழைப்பது சின்ன பட்ஜெட்டில்தான். 2017இல் வந்த 'கெட் அவுட்' என்ற திகில் படம் சுமார் 45 லட்சம் டாலரில், 23 நாள் படப்பிடிப்பில் முடிந்து, 25 கோடிக்கு மேல் வசூலித்தது. பெரும்பகுதி ஒரே வீடு, சில நடிகர்கள். சம்பளத்தைக் குறைத்து லாபத்தில் பங்கு கொடுத்தால் முன்பணம் இன்னும் இறங்கும்.

சின்ன பட்ஜெட்டில் படமெடுக்கும் பலர் தவறுவது இங்கேதான்: திரைக்கதையில் பதினைந்து இடங்கள், பாதி இரவுக் காட்சிகள் என்று எழுதிவிட்டு, பணம் போதாதபோது படப்பிடிப்பு நாட்களை வெட்டுகிறார்கள். யூனிட் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அரை நாள் போகும், அடி வாங்குவது நடிப்பு. நாட்களைத் தொடாதீர்கள், எழுதும்போதே இடங்களைக் குறையுங்கள். விளம்பரப் பணத்தைத் தயாரிப்புச் செலவிலிருந்து தனியே எடுத்து வையுங்கள். யாருக்கும் தெரியாமல் வெளியாகிப் போன நல்ல படங்கள் ஏராளம்.