கோயில் பாட்டு: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: போலந்து நாட்டின் கோயில் இசையை வளர்த்ததில் சேசு சபைச் சாமியார்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று எங்கள் பங்கில் ஒரு மறையுரையில் கேட்டேன். அவர்களில் பேர்பெற்ற இசையமைப்பாளர்கள் யார், யார்? (வாசகி, குளச்சல்)

பேர்பெற்றவர்களைத் தேடினால் பட்டியல் சின்னதாகத்தான் வரும். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுப் போலந்துக் கோயில் இசை என்றதும் முதலில் சொல்லப்படும் பென்கியெல், கொர்ச்சிட்ஸ்கி இருவருமே சேசு சபையார் அல்ல. சபைக்குள் இருந்து இசை எழுதியவர் என்று ஷிமோன் பெரென்ட் என்பவரைச் சொல்லலாம். 1585-இல் பிறந்து 1649-இல் இறந்தவர், மன்றாட்டுமாலைகளுக்கு இசை அமைத்தவர். நம் காலத்தில் 1931-இல் பிறந்த ஸ்தனிஸ்வாவ் ஜெமியான்ஸ்கி. கிராக்கோவில் தத்துவம் கற்பித்துக்கொண்டே கோயில் பாட்டுகளுக்கு இசை அமைத்தவர்.

பெயர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மற்ற துறவிகள் நாளைக்குப் பலமுறை கூடி நின்று சங்கீதங்களைப் பாடுவார்கள். 1540-இல் சபைக்கு அங்கீகாரம் வாங்கிய புனித இஞ்ஞாசியார் அந்தக் கடமையைத் தம் ஆட்களுக்கு வைக்கவில்லை. ஊர் ஊராகப் போய் வேலை செய்யவேண்டியவர்களைப் பாடற்கூடத்தில் கட்டிப்போட அவருக்கு மனமில்லை. இத்தனைக்கும் பாட்டு என்றால் அவருக்கு உயிர்.

அப்புறம் எப்படி இசை வளர்ந்தது? பள்ளிக்கூடம் வழியாக. கர்தினால் ஹோசியுஸ் கூப்பிட்டு 1564-இல் சேசு சபையார் போலந்துக்கு வந்தார்கள். பிரானியெவோவில் தொடங்கி ஊருக்கு ஊர் கல்லூரி வைத்தார்கள். அவற்றில் பலவற்றை ஒட்டி இசை படிக்கும் ஏழைப் பையன்களுக்கு ஒரு விடுதியும் இருந்தது. நம் மாவட்டத்துக் கோயில் போர்டிங்கை நினைத்துக்கொள்ளுங்கள். சோறு, படுக்கை, படிப்பு எல்லாம் இலவசம். அதற்கு ஈடாகப் பையன் கோயிலில் பாடவேண்டும், வயலினோ எக்காளமோ ஊதுகுழலோ வாசிக்கவேண்டும். கிராக்கோவில் புனித பேதுரு, பவுல் கோயிலை ஒட்டி இருந்த விடுதி இவற்றில் பேர்போனது. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை பாட்டை வைத்தே படித்து முன்னுக்கு வரலாம் என்ற வழியை நாடு முழுக்கத் திறந்துவைத்ததுதான் என் கணக்கில் அவர்களுடைய முதல் பங்களிப்பு. இன்று நம் பங்குகளில் கீபோர்டு வகுப்புக்குப் பணம் கட்ட முடிந்த பிள்ளைகள் மட்டும் வாசிக்கக் கற்றுக்கொள்வதைப் பார்க்கும்போது, அந்த விடுதிகளை நினைத்து ஏங்குகிறேன்.

1773-இல் திருத்தந்தை சபையையே கலைத்துவிட்டார். விடுதிகள் மூடப்பட்டன, இசை ஏடுகள் சிதறிப்போயின. 1814-இல் சபை மீண்டும் உயிர்பெற்றது. ஆனால் போன ஏடுகளில் பெரும்பகுதி போனதுதான்.

அங்கே போகும் வாய்ப்பு கிடைத்தால் வடக்கே ஷ்வென்தா லிப்கா மாதா கோயிலுக்குக் கட்டாயம் போங்கள். அதுவும் சேசு சபையாருடையது. மோசெங்கெல் என்பவர் 1721-இல் முடித்த ஆர்கன் அங்கே இருக்கிறது. ஆர்கன் முழங்கும்போது மேலே இருக்கும் சுரூபங்களும் அசையும். கபிரியேல் தூதர் மாதாவுக்குத் தலைவணங்குவார், சம்மனசுகள் வாத்தியம் வாசிக்கும், மணிகள் குலுங்கும்.

கேள்வி: மே மாத மாதா வணக்கத்துக்குப் போலந்திலும் நம்மைப்போல் தனிப்பாட்டு உண்டா? (வாசகர், முளகுமூடு)

உண்டு, அதை எழுதியவரும் சேசு சபைச் சாமியார்தான். கரோல் அந்தோனியெவிச், 1807-இல் பிறந்தவர். ஆர்மீனிய வம்சம். கல்யாணமாகி ஐந்து பிள்ளைகள். ஐந்தும் இறந்தன, பின்னால் மனைவியும் போனார். 1839-இல் சபையில் சேர்ந்தார். 1852-இல் காலராவில் இறந்தார். அவர் எழுதிய மே மாதப் பாட்டு புல்வெளிகளையும் மலைகளையும் பச்சைப் பள்ளத்தாக்குகளையும் கூப்பிட்டு, மாதாவைப் புகழச் சொல்கிறது. போலந்துக் கிராமங்களில் வழியோரக் குருசடிகளுக்கு முன்னால் சாயங்காலம் கூடி நின்று இன்றைக்கும் பாடுகிறார்கள். குடும்பத்தையே புதைத்த மனிதரிடமிருந்து இத்தனை வெளிச்சமான வரிகள் வந்ததை என்னால் வியக்காமல் இருக்க முடியவில்லை. 'சிலுவையில் துன்பம், சிலுவையில் மீட்பு' என்று தொடங்கும் தவக்காலப் பாட்டும் அவருடையதுதான். அவருடைய கதை தெரிந்தபின் அதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

கேள்வி: போலந்துக் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தமிழில் பாட ஆசை. எது தோதாக இருக்கும்? (பாடகர் குழுத் தலைவர், ராஜாவூர்)

'முன்னணையில் கிடக்கிறார், யார் ஓடுவார் பாட' என்ற பொருளில் தொடங்கும் 'வ் ஜுவோபியெ லெஜி'. சொற்களை எழுதியவர் பியோத்ர் ஸ்கார்கா என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர் சேசு சபையின் பெரிய பிரசங்கி, 1612-இல் இறந்தவர். மெட்டு போலந்தின் நான்காம் வ்வாதிஸ்வாவ் மன்னரின் முடிசூட்டு நடனத்திலிருந்து வந்தது என்பார்கள். மூன்று எண்ணிக்கைத் தாளம். தொடக்க அடிகளில் அசைகள் 4, 4, 7 என்று விழும், மறுபடியும் 4, 4, 7. அந்தச் சின்ன அடிகள் இரண்டும் இயைபோடு முடியும். தமிழுக்கு இது நன்றாகவே பொருந்தும். பொருளை அப்படியே கொண்டுவர மெனக்கெடாமல் அசைக்கணக்கையும் இயைபையும் பிடித்து எழுதுங்கள். கீபோர்டில் டிரம் பீட் போடாதீர்கள், மெட்டின் நடை செத்துவிடும். முதல் எண்ணிக்கையை அழுத்தி வாசித்தால் போதும். வரிகளை எழுதி அனுப்புங்கள், பாடிப் பார்த்துச் சொல்கிறேன்.