எட்டுக்கால் குதிரை செதுக்கின கோட்லாந்து கல்லு எதுக்கு வச்சது?

நீங்க கேக்கறது ஸ்வீடன்ல கோட்லாந்து தீவுல, ஷெங்விடேங்கற பண்ணைல 1844ல கிடைச்ச சுண்ணாம்புக்கல்லு. உயரம் சுமார் 1.7 மீட்டர், 8, 9ஆம் நூற்றாண்டு வேலை. இது செத்துப்போன ஒருத்தருக்கு வச்ச நினைவுக்கல், ஓரத்துல ரூன்ங்கற பழைய வட ஐரோப்பிய எழுத்துலயே கூடப்பிறந்தவன் ஹ்யோருல்ஃப் நினைவா நட்டதுன்னு செதுக்கியிருக்கு.

மேல குதிரைல ஒருத்தன் வர்றான் பாருங்க, குதிரைக்கு எட்டு கால், அதனால வட ஐரோப்பாவோட பழைய கடவுள் ஓடினும் அவரோட எட்டுக்கால் குதிரை ஸ்லெய்ப்னிரும்னு சிலர் சொல்றாங்க, இல்ல இறந்த வீரன்தான் அதே குதிரைல வல்ஹாலாவுக்கு, அதாவது செத்த வீரர்கள் போய்ச் சேர்ற ஓடினோட மண்டபத்துக்குப் போறான்னு இன்னும் சிலர், எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது, ஏன்னா எதிர்ல ஒரு பொண்ணு கொம்புக் கோப்பையை நீட்டி வரவேற்கறா, நினைவுக்கல்லுக்கு அது அவ்ளோ பொருத்தம். கீழ பாய்மரக் கப்பல். ஸ்டாக்ஹோம் வரலாற்று மியூசியம் போனா கண்டிப்பா பாருங்க.