இரைப்பை முதல் பெருங்குடல் வரை: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: வயது 52. இரண்டு வருடமாகக் கஸ்ரைட்டிஸுக்கு ஒமிப்பிரசோல் 20 மி.கி. எடுக்கிறேன். இரவுச் சாப்பாடு முடித்து, படுக்கப் போகும்போது போடுவேன். நெஞ்செரிவு முழுதாக விட்டபாடில்லை. இரத்தம் கொடுத்தால் வயிற்றில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கலாம் என்கிறார்கள். பார்க்கவா?
— வாசகி, அன்புவழிபுரம்

பதில்: முதலில் குளிசை போடும் நேரத்தை மாற்றுங்கள். இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் பம்புகளில் ஒட்டிக்கொண்டு அவற்றை நிறுத்துவதுதான் ஒமிப்பிரசோலின் வேலை. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பம்பில்தான் அது ஒட்டும். பம்பை ஓட வைப்பது சாப்பாடு. மருந்தோ இரத்தத்தில் சில மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. படுக்கும்போது போட்டால் மருந்து வந்து சேரும் நேரம் பெரும்பாலான பம்புகள் ஓய்ந்துவிடும். காலைச் சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு வெறுவயிற்றில் போடுங்கள். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் பிடிக்கும். முதல் நாளே எரிவு நிற்கவில்லை என்று கைவிட வேண்டாம். கப்சூலுக்குள் இருக்கும் சின்ன மணிகளைக் கடிக்கவோ அரைக்கவோ கூடாது. அமிலத்தில் கரையாமல் சிறுகுடல்வரை போகத்தான் அந்த மணிகளுக்கு உறை போட்டிருக்கிறார்கள்.

இனிக் கிருமி. ஹெலிகோபக்டர் பைலோரி என்பது அதன் பெயர். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷல், ரொபின் வொரன் இருவரும் நோயாளிகளின் இரைப்பைத் துண்டுகளிலிருந்து இதை வளர்க்கப் பார்த்தார்கள். ஆய்வுகூட வழக்கப்படி இரண்டு நாளில் தட்டுகளை வீசிவிடுவார்கள், ஒன்றும் முளைத்திருக்காது. ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் ஐந்து நாள் அப்படியே கிடந்தபோதுதான் கிருமி வளர்ந்தது. இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. முன்பு மனக்கவலையாலும் உறைப்பாலும் வருவதென்று நம்பப்பட்ட இரைப்பைப் புண்ணை சில நாள் அன்டிபயோட்டிக் கொடுத்தே குணமாக்கலாம் என்ற நிலை வந்தது இந்தக் கண்டுபிடிப்புக்குப் பிறகுதான்.

இரத்தப் பரிசோதனைக்குக் காசைச் செலவழிக்காதீர்கள். அதில் தெரிவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கிய எதிர்பொருள். கிருமி ஒழிந்து மாதக்கணக்கான பின்னும், சிலரில் வருடக்கணக்காகவும் அது இரத்தத்தில் இருக்கும். இப்போது கிருமி இருக்கிறதா என்பதற்கு நம்பக்கூடியவை இரண்டு: யூரியா சுவாசப் பரிசோதனை, மலத்தில் அன்டிஜென் பரிசோதனை. எதைச் செய்தாலும் 2 கிழமைக்கு முன்பே ஒமிப்பிரசோலையும், 4 கிழமைக்கு முன்பே அன்டிபயோட்டிக், பிஸ்மத் மருந்துகளையும் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் போனால் கிருமி அடங்கிக் கிடக்கும். இருந்தும் இல்லை என்று றிப்போர்ட் வரும். அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். இடையில் எரிந்தால் அமிலத்தைத் தணிக்கும் பாணி மருந்து குடிக்கலாம். ஆனால் இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவர்களும், முன்பு புண்ணிலிருந்து இரத்தம் போனவர்களும் ஒமிப்பிரசோலைத் தாங்களாக நிறுத்தவே கூடாது. டொக்டரிடம் கேட்டுத்தான்.

கிருமி இருந்தால் மருந்து வழக்கமாக 14 நாள். ஐந்தாம் நாளே சுகம் என்று விட்டால் மிஞ்சும் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். அடுத்த முறை அதே மருந்து கேட்காது. பிஸ்மத் சேர்ந்திருந்தால் மலம் கறுப்பாகப் போகும், பயமில்லை. மெட்ரோனிடசோல் இருந்தால் வாயில் உலோகச் சுவை வரும். அந்த நாட்களில் மதுவைத் தொடக்கூடாது. மருந்து முடிந்து 4 கிழமை கழித்து, சுவாசத்திலோ மலத்திலோ மறுபடி பார்த்து ஒழிந்ததை உறுதிசெய்ய வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் அநேகமானோர் மறந்துவிடுகிறார்கள்.

விழுங்கக் கஷ்டம், காரணமில்லாமல் மெலிவு, தார்போலக் கறுத்த மலம், இரத்த வாந்தி, இரத்தச்சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரே என்டோஸ்கொபி (குழாய்க் கமெராவால் இரைப்பையைப் பார்க்கும்) கிளினிக்குக்குப் போங்கள். முழங்கால் வலிக்கு டைக்குளோபெனக் போடும் பழக்கம் இருந்தால் அதையும் அங்கே சொல்லுங்கள்.

கேள்வி: மோட்டார் சைக்கிளில் கொண்டுவரும் வியாபாரியிடம் பத்து மணிபோல் சூரை வாங்கி மத்தியானம் சமைத்தோம். சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் எனக்கு முகம் சிவந்து, தலையிடித்து, நெஞ்சு படபடத்து, வயிற்றாலும் போனது. மச்சாளுக்கும் மகனுக்கும் அதேதான். மருந்துக்கடையில் மீன் அலர்ஜி, இனி மீனே வேண்டாம் என்றார்கள். நிலாவெளியில் இருந்துகொண்டு மீன் இல்லாமல் எப்படி?
— வாசகர், நிலாவெளி

பதில்: மூன்று பேருக்கு ஒரே நாளில், ஒரே சட்டிக் கறியால் அலர்ஜி வராது. நீங்கள் சொல்வது ஹிஸ்டமின் நஞ்சாதலின் அச்சொட்டான விவரம். சூரை, கும்பளா, சாளை போன்ற கருஞ்சதை மீன்களில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் சூட்டில் கிடந்தால் செவுளிலும் குடலிலும் இருக்கும் பக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடலே சுரப்பதும் ஹிஸ்டமின்தான். அறிகுறிகள் ஒன்றாக இருப்பது அதனால்.

இதில் பொல்லாத விஷயம், மீன் பார்வைக்கும் மணத்துக்கும் நன்றாகவே இருக்கலாம். சிலருக்கு நாக்கில் மிளகுபோலச் சுரீரென்று படும், அவ்வளவுதான். உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் ஐஸில் போட்டாலும் அழியாது. கொறக்காய் போட்டால் சரிதானே என்று கேட்பீர்கள். அதன் புளிப்பு ஹிஸ்டமின் உருவாவதைக் குறைக்கிறது என்று இலங்கையிலேயே சூரை மீனில் செய்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் சந்தையிலேயே உருவாகிவிட்டதைக் கொறக்காய் போக்காது.

பெட்டிக்குள் ஐஸ் இருக்கிறதா என்று மூடியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். மேலே நாலு கட்டி கிடந்தால் போதாது. நம் வெயிலுக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ், அதுவும் இடையிடையே அடுக்கியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு 4 பாகைக்குக் கீழே வையுங்கள். காலையில் வாங்கியதை வெளியே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போய்வரக் கூடாது.

மறுபடி வந்தால் குளோர்பெனிரமின் அல்லது செட்டிரிசின் பெரும்பாலும் கேட்கும். ஒரு நாளுக்குள் அடங்கும். மூச்சுத் திணறினாலோ மயக்கம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்: ஹிஸ்டமினை உடைக்கும் என்சைமை அந்த மருந்து தடுக்கிறது. இனி எப்போதாவது எல்லோரும் சாப்பிட்டு உங்களுக்கு மட்டும் வந்தால், அப்போது அலர்ஜிப் பரிசோதனை பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: பிள்ளைக்கு 15 மாதம், வயிற்றோட்டம். ஜீவனி (தண்ணீரில் கரைக்கும் உப்பு–குளுக்கோஸ் தூள்) முழுப் பக்கற்றையும் கரைத்தால் வீணாகிறது என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பில் கரைத்துக் கொடுக்கிறேன். குடிக்க மறுத்தால் சோடா கலக்கலாமா?
— தாய், கிண்ணியா

பதில்: இரண்டும் வேண்டாம். உப்பும் குளுக்கோசும் சேர்ந்தால்தான் சிறுகுடல் சோடியத்தை உள்ளே இழுக்கும். தண்ணீர் அதன் பின்னால் போகும். இப்போதைய உலக சுகாதார நிறுவன முறையில், 1 லீற்றரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைட் 1.5 கிராம், சிற்றேற்று 2.9 கிராம். கண்ணளவில் கொட்டினால் தடிப்பாகிவிடும். தடித்த கரைசல் உடம்பிலுள்ள நீரையே குடலுக்குள் இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும். சோடாவின் சீனியும் அதைத்தான் செய்யும். 1971இல் பங்களாதேஷ் போர் அகதிகளுக்கான பொன்காவ் முகாமில் சேலைன் தீர்ந்துபோனபோது, டொக்டர் திலீப் மஹாலனாபிஸ் இந்த உப்பு–சீனிக் கரைசலைத்தான் வாயால் கொடுத்தார். 30 வீதமளவில் இருந்த இறப்பு 3 வீதமளவுக்கு இறங்கியது.

கொதித்தாறிய தண்ணீர் 1 லீற்றரில் முழுப் பக்கற்றையும் கரையுங்கள். வெற்றுத் தண்ணீர்ப் போத்தலால் அளப்பதானால் அது 1 லீற்றரா 1.5 லீற்றரா என்று லேபிளைப் பாருங்கள். சில பிராண்டுகளில் 200 மி.லீ.க்கான சின்னப் பக்கற்றும் உண்டு. 24 மணித்தியாலத்தில் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள், அது வீணல்ல. இந்த வயதில் ஒவ்வொரு முறை போன பின்னும் 50 முதல் 100 மி.லீ., தேக்கரண்டியால், ஓரிரு நிமிடத்துக்கு ஒன்றாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாகத் தொடங்குங்கள். தாய்ப்பாலும் சாப்பாடும் நிற்கக் கூடாது. டொக்டரிடம் கேட்டு சிங்க் 20 மி.கி. தினமும் 10 முதல் 14 நாள் கொடுங்கள். வயிற்றோட்டத்தை நிறுத்தும் லோபெரமைட் குழந்தைக்கு ஆகாது. கண் குழிதல், சோம்பிக் கிடத்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லாமை, மலத்தில் இரத்தம்: இரவானாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போங்கள்.

கேள்வி: வெளி மாவட்ட ஆஸ்பத்திரியில் கொலோனொஸ்கொபிக்கு (குழாய்க் கமெராவால் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு) போனேன். குடல் சுத்தமில்லை என்று திருப்பிவிட்டார்கள். தந்த மருந்தை முதல் நாள் மாலையே முழுதாகக் குடித்தேனே?
— வாசகர், மூதூர்

பதில்: முழுதாக முதல் நாளே குடித்ததுதான் வினை. இரவு முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தமும் சளியும் இறங்கி, பெருங்குடலின் வலப்பக்கத்தில் பசைபோலப் படிந்துவிடும். தட்டையான பொலிப்புகள் (குடல் சுவரில் வளரும் சதைத் திரட்சிகள்) ஒளிந்துகொள்ளும் இடமும் அதுவே. ஆகவே இப்போதைய முறை பாதி முதல் நாள் மாலை, மீதி பரிசோதனைக்கு 4 முதல் 6 மணித்தியாலம் முன்பு. 2 மணித்தியாலத்துக்கு முன்பே குடித்து முடித்திருக்க வேண்டும்.

காலை 9 மணிக்கு என்றால் இரண்டாம் பாதியை 4 மணிக்குத் தொடங்க வேண்டும். மூதூரிலிருந்து பஸ்ஸில் போய்க்கொண்டு இது நடக்காது. ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாக மலகூடத்துடன் ஓர் அறை எடுத்து முதல் நாளே தங்குங்கள், அல்லது பிற்பகல் நேரம் கேளுங்கள். தூரத்திலிருந்து வருகிறோம் என்றால் பெரும்பாலும் பார்த்துத் தருவார்கள்.

ஒரு தடவை தவறியதால் இம்முறை மூன்று நாள் முன்பே சாப்பாட்டைக் கட்டுப்படுத்துங்கள். சிவப்பரிசி, குரக்கன், கீரை, பருப்பு, கொய்யா, விதையுள்ள காய்கள், தேங்காய்ச் சம்பல், தேங்காய்ப்பூப் போட்ட புட்டு எல்லாம் தள்ளி வையுங்கள். வெள்ளைச் சோறு, பாண், வெள்ளை இடியப்பம், வடித்த சொதி, மீன், முட்டை, தோல் சீவிய உருளைக்கிழங்கு ஆகும். இரும்புச்சத்துக் குளிசை எடுத்தால் ஒரு கிழமை முன்பே நிறுத்துங்கள். அது மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்ட வைக்கும். முதல் நாள் தெளிந்த பானம் மட்டும்: பாலில்லாத பிளேன்டீ, வடித்த தேசிக்காய்த் தண்ணீர், இளநீர். நெக்டோ போன்ற சிவப்புச் சோடா வேண்டாம், உள்ளே பார்ப்பவர் இரத்தமென்று நினைப்பார்.

மருந்துத் தூளை அவர்கள் சொன்ன அளவு தண்ணீரில் கரைத்துக் குளிர வைத்து, 10–15 நிமிடத்துக்கு ஒரு கிளாஸ், 250 மி.லீ. வீதம் குடியுங்கள். குமட்டினால் அரை மணித்தியாலம் நிறுத்தி நடந்துவிட்டுத் தொடருங்கள். கடைசியில் போவது சிறுநீர்போல மஞ்சளாய்த் தெளிந்து, கோப்பையின் அடி தெரிய வேண்டும். அப்போதும் பழுப்பாகவோ தூளாகவோ போனால் மேசையில் ஏறுமுன் தாதியிடம் சொல்லிவிடுங்கள். சில நேரம் இன்னும் கொஞ்ச மருந்து கொடுத்து அன்றே சரிக்கட்டலாம்.

சீனி வருத்தக் குளிசை, இன்சுலின், வோபரின், குளோப்பிடோகிரெல் எடுப்பவர்கள் திகதி எடுக்கும்போதே கிளினிக் கொப்பியைக் காட்ட வேண்டும். சிறுநீரக, இருதய நோயுள்ளவர்கள் மருந்துக்கடையில் வேறு பேதி மருந்து வாங்கிக் குடிக்கக் கூடாது. தூக்க ஊசி போடுவதால் கூட ஒருவர் வர வேண்டும். அன்று மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு திரும்ப முடியாது.

கேள்வி: எருமைத் தயிர் இருக்கப் புரோபயோட்டிக் (நல்ல பக்டீரியா) குளிசை எதற்கு?
— வாசகர், தம்பலகாமம்

பதில்: பால் ஒத்துக்கொள்ளாத பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும், லக்டோஸின் ஒரு பகுதியைப் பக்டீரியா முன்பே உடைத்துவிடும். குளிசை பற்றிச் சொன்னால், 2020இல் அமெரிக்க இரைப்பைக்குடல் மருத்துவச் சங்கம் ஆய்வுகளை அலசி, பெரும்பாலான குடல் நோய்களுக்குப் புரோபயோட்டிக்கைப் பரிந்துரைக்கச் சான்று போதாது என்றது. சட்டித் தயிரை வாங்கிச் சாப்பிடுங்கள். சீனி வருத்தம் இருந்தால் பாணி ஊற்றாமல்.