வகுப்பில் பலருக்கும் காய்ச்சல்: நலமாக இருக்கும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு, மகள் யு.கே.ஜி. இருவருக்கும் ஒரே பள்ளி, ஒரே வேன். மகனின் வகுப்பில் நாற்பது பேரில் பதினான்கு பேர் காய்ச்சலால் வரவில்லை. அவர்களில் ஒரு பிள்ளைக்கு எச்1என்1 (பன்றிக் காய்ச்சல்) என்று பரிசோதனையில் தெரிந்ததாகப் பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி வந்ததிலிருந்து பலரும் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். என் பிள்ளைகள் இருவரும் இப்போது நலமாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் மகளுக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் எடுக்கிறாள். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இருவரையும் வீட்டில் வைத்துக்கொள்வதா, அனுப்புவதா? (வாசகி, தாம்பரம்)

பதில்: உங்கள் மகனை அனுப்புங்கள். மகளுக்கான பதில் வேறு. அதைப் பின்னால் விரிவாகவே சொல்கிறேன்.

மகனை ஏன் அனுப்பச் சொல்கிறேன் என்றால், இந்தக் காய்ச்சலின் போக்கு அப்படி. கிருமி உடலுக்குள் போன ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள், பெரும்பாலும் இரண்டாம் நாளில், காய்ச்சல் தெரியும். ஆனால் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அந்தப் பிள்ளையிடமிருந்து மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கிவிடும். பதினான்கு பேர் படுத்துவிட்ட வகுப்பில் உங்கள் மகன் அவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடித்து, ஒரே வேனில் இடித்துக்கொண்டு வந்தவன். தொற்ற வேண்டியது இந்நேரம் தொற்றியிருக்கும், அல்லது அவன் உடல் அதைச் சமாளித்திருக்கும். ஊரே பேசத் தொடங்கிய பிறகு நலமாக இருக்கும் பிள்ளையை நிறுத்துவது பெரும்பாலும் தாமதமான காரியம். எட்டு வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத பிள்ளைக்கு இது வந்தாலும், மூன்று நாள் காய்ச்சலும் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் இருமலுமாகத்தான் பெரும்பாலும் போகும்.

பள்ளியையே மூடிவிட்டால் என்ன என்று குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். புதுச்சேரியில் 2022 செப்டம்பர் 17 முதல் 25 வரையும், மறுபடி 2023 மார்ச் 16 முதல் 26 வரையும் எட்டாம் வகுப்பு வரை இதே காரணத்துக்காக விடுமுறை விட்டார்கள். அரசு அப்படி முடிவெடுத்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதுதான். ஆனால் விடுமுறை விட்ட பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்திருந்தால்தான் அதனால் பலன் உண்டு. குடியிருப்பின் விளையாட்டுத் திடலிலும் டியூஷன் அறையிலும் அதே பிள்ளைகள் கூடினால் கிருமிக்கு முகவரி மட்டும்தான் மாறுகிறது.

ஆகவே நீங்கள் முடிவெடுக்க வேண்டியது நலமான பிள்ளையைப் பற்றியல்ல. அவனுக்கு முதல் அறிகுறி தெரியும் காலையைப் பற்றி. இங்கேதான் பெற்றோர் தவறுகிறார்கள் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் மதியம் ஒன்றரை மணிக்கு ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி சீருடையோடு, கழுத்தில் டையும் அடையாள அட்டையுமாக என்னிடம் தூக்கிவரப்பட்டாள். உடம்பு 103 டிகிரி. காலையில் நன்றாகத்தான் போனாள் என்றார் தாய். மேலும் கேட்ட பிறகுதான், காலை ஏழரை மணிக்கு உடம்பு கதகதவென்று இருந்ததால் ஒரு மூடி பாராசிட்டமால் கொடுத்து அனுப்பியது வெளியே வந்தது. அந்த மருந்தின் வேலை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குத்தான். மதிய உணவு மணி அடிக்கும்போது காய்ச்சல் திரும்பி வந்துவிட்டது. மருந்து வெப்பத்தை இறக்கியதே தவிர, கிருமியைத் தொடவில்லை. காய்ச்சல் மிக வேகமாகப் பரவும் முதல் நாளில், அந்தக் காலை வேளை முழுக்க அவள் வகுப்பில் இருந்திருக்கிறாள். அந்தத் தாயை நான் கடிந்துகொள்ளவில்லை. அன்று விடுப்பு எடுத்தால் சம்பளம் பிடிக்கும் வேலை அவருடையது. ஆனாலும் தயவுசெய்து இதை நீங்கள் செய்யாதீர்கள். காலையில் பாராசிட்டமால் தேவைப்படும் பிள்ளைக்கு அன்று பள்ளி இல்லை.

மறுபடி அனுப்பும் நாளை எண்ணுவதற்கும் அதே மருந்துதான் அளவுகோல். காய்ச்சல் மருந்து எதுவும் கொடுக்காமல் முழுதாக 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்து, பிள்ளை வழக்கம்போல் சாப்பிட்டு எழுந்து நடமாடினால் அனுப்பலாம். செவ்வாய் இரவு கடைசியாக மருந்து கொடுத்தீர்கள், புதன் காலையில் காய்ச்சல் இல்லை என்றால் அது மருந்தின் மிச்சமாக இருக்கலாம். புதன் பகலும் இரவும் தாண்டி, வியாழன் காலையிலும் காய்ச்சல் இல்லாவிட்டால்தான் கணக்கு முடிகிறது. இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் நீளும். அதற்காகப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை. முழங்கையை மடித்து அதில் இருமப் பழக்கினால் போதும்.

அடுத்து, எச்1என்1 என்ற பெயர். 2009இல் உலகையே ஆட்டி வைத்ததால் அந்தப் பெயரைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது. அந்தப் பெருந்தொற்று முடிந்துவிட்டதென்று 2010 ஆகஸ்டிலேயே உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஆண்டுதோறும் வந்துபோகும் பருவக் காய்ச்சல்களில் ஒன்றுதான். ஆனால் இந்தப் பயத்தை வைத்துக் காசு பார்க்கும் கூட்டம் மட்டும் குறையவில்லை. ஒரு வகுப்பில் ஒரு பிள்ளைக்கு என்று செய்தி கசிந்தாலே, வீட்டுக்கே வந்து மூக்கில் குச்சி விட்டு மாதிரி எடுக்கிறோம், ரத்தத்தில் பத்து விதமான சோதனைகளையும் சேர்த்துத் தருகிறோம் என்று பரிசோதனைக் கூடங்களின் ஆட்கள் அதே வாட்ஸ்ஆப் குழுவுக்குள் வந்துவிடுகிறார்கள். மத்திய அரசின் வழிகாட்டுதல் இதில் தெளிவாக இருக்கிறது. காய்ச்சல், இருமல், தொண்டை வலியோடு மட்டும் இருப்பவர்கள் ஏ பிரிவு. அவர்களுக்குப் பரிசோதனையும் வேண்டாம், வைரஸ் எதிர்ப்பு மாத்திரையும் வேண்டாம். காய்ச்சல் கடுமையாக இருப்பவர்களும், ஆஸ்துமா போன்ற நோய் உள்ளவர்களும் பி பிரிவு. அவர்களுக்கு மருத்துவர் மாத்திரை தரலாம், பரிசோதனைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூச்சுத் திணறல் போன்ற அபாய அறிகுறி உள்ளவர்கள் சி பிரிவு. அவர்களைத்தான் மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு நாளை காய்ச்சல் வந்தால் அது எச்1என்1ஆ வேறா என்று தெரிந்துகொள்வதால், வீட்டில் நீங்கள் செய்யப்போகும் எதுவும் மாறாது. ஆயிரக்கணக்கில் கொடுத்து அந்தப் பெயரை வாங்காதீர்கள்.

மருந்துக்கடையில் சொல்லி வாங்கும் ‘செட்’ மாத்திரை இதைவிட மோசம். மடித்த காகிதத்தில் பெயர் தெரியாத நான்கு மாத்திரைகள் இருக்கும்; அவற்றில் பெரும்பாலும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும், சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வைரஸ் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின், அமாக்ஸிக்ளாவ் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளை அள்ளிக் கொடுக்க வேண்டாம் என்று இந்திய மருத்துவ சங்கமே 2023 மார்ச்சில் வேண்டிக்கொண்டது. காய்ச்சலை இறக்கும் நிமெசுலைடு மருந்தைப் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2011இலேயே தடை வந்துவிட்டது. இருந்தும் ‘சார், அந்தப் பழைய சிரப்தான் கேட்கும்’ என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லும் பெற்றோர் இருக்கிறார்கள். இருமல் மருந்தைப் பற்றிச் சொல்லும்போது என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்ததற்குக் காரணமான சிரப், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்தது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சாதாரணச் சளிக்குக் கொடுத்த மருந்து அது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகள் பொதுவாகத் தேவையில்லை என்று அதன் பிறகு மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. அத்தனை குழந்தைகள் போன பிறகுதான் அதை உரக்கச் சொல்ல வேண்டியிருந்ததா?

வீட்டில் இருக்க வேண்டியது பாராசிட்டமால் ஒன்றுதான். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே நிறப் பெட்டியில் 5 மில்லிக்கு 120 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வகை வருகின்றன. அண்ணனுக்கு வாங்கியதைத் தங்கைக்கு அதே மூடி அளவில் ஊற்றினால் அளவு இரட்டிப்பாகிவிடும். ஒரு கிலோ எடைக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மி.கி. வரை என்று மருத்துவரிடம் ஒருமுறை கணக்குப் போட்டு வாங்கிப் பாட்டில் மீதே எழுதி ஒட்டிவிடுங்கள்.

இப்போது மகளைப் பற்றி. வீசிங் உள்ள பிள்ளைகள் எல்லோரையும் வீட்டில் பூட்டி வைக்கச் சொல்வது சுலபம், அது சரியல்ல. கடந்த ஓராண்டில் வீசிங்குக்காக மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்ததா? இரவில் இருமி எழுகிறாளா? திணறல் வரும்போது அடிக்கும் நீல நிற இன்ஹேலர் வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் தேவைப்படுகிறதா? மூன்றுக்கும் இல்லை என்றால் அவள் நோய் கட்டுக்குள் இருக்கிறது. மகனைப் போலவே அவளையும் அனுப்பலாம். ஒன்றுக்காவது ஆம் என்றால், வகுப்புகளில் இந்த அலை தணியும் வரை, அநேகமாக இரண்டு வாரம், அவளை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். யு.கே.ஜி. பாடம் எங்கும் ஓடிப்போய்விடாது.

ஆனால் அப்படி வைத்துக்கொண்டாலும் அவள் பாதுகாப்பாகிவிட்டாள் என்று நினைக்க வேண்டாம், ஏனென்றால் அண்ணன் தினமும் அந்த வகுப்பிலிருந்து வீட்டுக்குத்தான் வருகிறான். அதற்காக அவனையும் நிறுத்த வேண்டுமா என்று கேட்பீர்கள். மகள் அந்த மூன்று கேள்விகளில் சிக்குபவளாக இருந்து, நீங்களோ பெரியவர்களோ பகலில் வீட்டில் இருக்க முடியுமென்றால், அவனையும் ஒரு வாரம் நிறுத்தலாம். நலமான பிள்ளையை நிறுத்த நான் ஒப்புக்கொள்ளும் ஒரே காரணம் இதுதான். முடியாதென்றால், அவன் வந்தவுடன் கைகால் கழுவிச் சீருடையை மாற்றட்டும். இருவரும் ஒரே பாயில் படுக்க வேண்டாம். அவனுக்குத் தொண்டை கரகரத்தால் அன்றிரவே அவன் படுக்கை வேறு அறையில் இருக்கட்டும், காய்ச்சல் விட்டாலும் ஒரு வாரம் அப்படியே தொடரட்டும், ஏனென்றால் சிறு பிள்ளைகளிடமிருந்து கிருமி ஒரு வாரத்துக்கு மேலும் வெளிப்படலாம்.

அவளுக்கே காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ஓசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். அவளைப் போன்ற பிள்ளைகளுக்குத்தான் அது தேவை, மகனுக்கு வேண்டியதில்லை. தினசரி எடுக்கும் தடுப்பு இன்ஹேலரைக் காய்ச்சல் நாளிலும் நிறுத்தக்கூடாது. ‘இன்ஹேலர் பழகிவிடும்’ என்று உறவினர் யாராவது சொல்லி, காய்ச்சலைச் சாக்காக வைத்து அதை நிறுத்திய பிள்ளைகள்தான் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். இந்தப் பருவக் காய்ச்சலுக்கான ஃப்ளூ தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை ஆண்டுதோறும் போடச் சொல்கிறது. வீசிங் உள்ளவர்களுக்கு அதற்குப் பிறகும் வேண்டும். அரசின் இலவச அட்டவணையில் அது இன்னும் இல்லை என்பது எனக்குத் தீராத ஆதங்கம். போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும் என்றாலும், மழைக்காலம் இன்னும் மிச்சமிருப்பதால் இப்போது போடுவதும் வீணல்ல. முதல் முறை என்றால் நான்கு வாரம் கழித்து இரண்டாம் தவணையும் உண்டு.

இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், விலா எலும்பின் கீழே குழி விழ மூச்சு விடுவது, உதடு நீலமாவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதது, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, இறங்கிய காய்ச்சல் ஓரிரு நாள் கழித்துக் கடுமையாகத் திரும்புவது ஆகியவற்றில் எதைப் பார்த்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இது டெங்கு காலமும்கூட. சளி, இருமல் இல்லாமல் கடும் காய்ச்சல் மட்டும் இருந்தாலோ, காய்ச்சல் விட்டபின் வயிற்று வலியும் விடாத வாந்தியும் கைகால் சில்லிடுவதும் வந்தாலோ அது ஃப்ளூ அல்ல என்றே வைத்துக்கொண்டு ஓடுங்கள். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை இப்யூபுரோஃபென் என்ற காய்ச்சல் மருந்து கலந்த எதையும் கொடுக்காதீர்கள்.

கடைசியாகப் பள்ளியைப் பற்றி. ஒரு நாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்கு ஆண்டு விழா மேடையில் கேடயம் கொடுக்கும் வழக்கத்தை நம் பள்ளிகள் இன்னும் விடவில்லை. காய்ச்சலோடு வந்து பத்துப் பேருக்குக் கொடுத்துவிட்டுப் போன பிள்ளையும் அந்த மேடையில் நிற்கக்கூடும். மூன்று நாள் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருத்துவச் சான்றிதழ் கேட்பதால், நலமடைந்த பிள்ளைகள் அந்தக் காகிதத்துக்காக, காய்ச்சல்காரர்கள் நிறைந்த என் வரவேற்பறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வேறொரு கிருமியோடு வீடு திரும்புகிறார்கள். பிள்ளையைப் பார்க்காமலே காசுக்குச் சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் இடங்கள் பெருகியதும் இதனால்தான். அங்கே போகாதீர்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியையும் கடைசியாக மருந்து கொடுத்த நேரத்தையும் நீங்களே ஒரு கடிதத்தில் எழுதி, கையெழுத்திட்டு, வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். ஏற்க மறுத்தால் தலைமையாசிரியரை நேரில் பாருங்கள். தேர்வு நாளில் காய்ச்சல் வந்துவிட்டால் பின்னர் எழுத அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தேர்வன்று காலையில் கேட்டால் யாருக்கும் பதில் சொல்ல நேரமிருக்காது.