நானும் நண்பரும் சேர்ந்து ஒரு மலர் வடிவமைக்கிறோம். ஒரே ஃபைலில் இருவரும் வேலை செய்ய ஃபிக்மா சரிவருமா?

அச்சுக்குப் போகிற மலர் என்றால் ஃபிக்மா வேண்டாம். ஃபிக்மா பிரியர்கள் சண்டைக்கு வராதீர்கள். ஆப்களுக்கான திரைகளை நானும் அதில்தான் செய்கிறேன். இருவருடைய மௌஸும் ஒரே பக்கத்தில் ஓடுகிற வசதிக்கு ஈடில்லை. ஆனால் அது திரைக்காகப் பிறந்தது. அச்சகம் கேட்கிற சிஎம்ஒய்கே (நான்கு மை) நிறத்துக்கு அங்கே நேரடி வழி கிடையாது.

நீங்கள் சொல்லவில்லை, ஆனால் அச்சு வேலைக்கான மென்பொருளில் ஒருவரிடம் இன்டிசைன், மற்றவரிடம் கோரல் டிரா என்றுதான் நினைக்கிறேன். எங்கள் நிலைமையும் அப்படித்தான் இருந்தது. ஒரு பள்ளியின் பொன்விழா மலர். கட்டுரைப் பக்கங்கள் என் பொறுப்பு, விளம்பரமும் வாழ்த்துரையும் இன்னொரு டிசைனர் பொறுப்பு. அவர் வாட்ஸ்அப்பில் கோரல் ஃபைலை மட்டும் அனுப்பினார். என்னிடம் இருந்த கோரல் பழைய வெர்ஷன், திறக்கவே இல்லை. சரி, சேவ் செய்யும்போது வெர்ஷனைக் குறைத்து அனுப்புங்கள் என்றேன். இப்போது திறந்தது. ஆனால் 'வாழ்த்துரை' என்ற தலைப்பு டி, எச், ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்தாக நிற்கிறது. அவர் பாமினி குடும்ப ஃபான்ட் ஒன்றில், அதாவது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிற பழைய வகையில் அடித்திருக்கிறார், என் கணினியில் அது இல்லை. போன் போட்டால், "எங்க சிஸ்டத்துல நல்லாத்தான் சார் இருக்கு."

ஃபான்டைக் கேட்டேன். அவரோ கண்ட்ரோல் க்யூ அடித்து எல்லாவற்றையும் கர்வ்ஸ் (எழுத்தாகத் திருத்த முடியாத வெறும் வடிவம்) ஆக்கி அனுப்பிவிட்டு, எழுத்தாக இருந்த ஃபைலையும் அதன் மேலேயே சேவ் செய்துவிட்டார். அன்று இரவு பார்த்து ஒரு நன்கொடையாளரின் இனிஷியல் 'எஸ்' இல்லை, 'என்' என்று பள்ளியிலிருந்து செய்தி. கர்வ்ஸில் எதைத் திருத்துவது? நல்லவேளை, அதே பக்கத்தில் வேறொருவருக்கு 'என்' இருந்தது. அதை நகலெடுத்து, அளவு பார்த்து ஒட்டினோம். கர்வ்ஸ் என்பது அச்சகத்துக்குப் போகும் கடைசி நகலுக்கு மட்டும். எழுத்தாக இருக்கிற ஃபைல் தனியாக இருந்தே ஆக வேண்டும்.

முடிந்தால் இருவரும் இன்டிசைனுக்கே வாருங்கள். அதில் 'புக்' என்று ஒரு வசதி இருக்கிறது. மலரைப் பகுதி பகுதியாகத் தனி ஃபைல்களாக வைத்து ஒரே புக்கில் சேர்த்துவிட்டால் பக்க எண் தானாகத் தொடரும், ஸ்டைல்களையும் (தலைப்பு, பத்தி போன்றவற்றின் அமைப்புகள்) ஒரு ஃபைலிலிருந்து மற்றவற்றுக்கு இழுத்துக்கொள்ளலாம். ஆளுக்குச் சில பகுதிகள், அவ்வளவுதான். ஒரே பகுதியை இருவரும் ஒரே நேரத்தில் திறக்காதீர்கள், முக்கியமாக ட்ரைவில் போட்டு வைத்திருந்தால். கைமாற்றும்போது ஃபைல் மெனுவில் 'பேக்கேஜ்' கொடுத்தால் ஃபான்டும் படங்களும் ஒரே ஃபோல்டரில் வந்துவிடும். கோரலில் அதற்குப் பெயர் 'கலெக்ட் ஃபார் அவுட்புட்'. ஜிப் செய்து அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் படங்களை போட்டோவாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

"இவ்வளவு எதற்கு, கேன்வாவில் லிங்க் கொடுத்தால் போதாதா" என்று கீழே யாராவது எழுதுவார்கள். நாலு பக்க அழைப்பிதழுக்குப் போதும், நானும் மறுக்கவில்லை.

பகிர்வது என்றதும் ஞாபகம் வருகிறது. மலர் முடிந்ததும் குழுவில் ஒருவர், "தம்பி, அந்த ஓப்பன் ஃபைலையும் கொடுத்துடுங்க, அடுத்த வருஷம் நாங்களே மாத்திக்கிறோம்" என்பார். ஓப்பன் ஃபைல் என்றால் திருத்தக்கூடிய மூல ஃபைல். எங்களிடமும் கேட்டார்கள். மூன்று வார உழைப்பு, கூலி ஒரு மலருக்குத்தான். கொடுக்க மாட்டேன் என்றதும் என்னவோ அவர்கள் வீட்டுப் பத்திரத்தை நான் பிடித்து வைத்திருப்பது போல முகம் மாறிவிட்டது. கூட வேலை செய்கிற டிசைனரோடு பகிர்வது வேறு, இது வேறு. ஓப்பன் ஃபைலுக்குத் தனி ரேட் என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். நண்பருக்கும் அதில் எவ்வளவு என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.