சன்ஸ்கிரீன் டியூபில் இருக்கும் எண்ணை நம்பலாமா? – கேள்வி பதில்

அழகுசாதனப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். சித்திரை பிறக்கிற நாட்களில் சூரியன் மதுரைக்கு நேர் உச்சியில் நிற்கும். அதனால் இப்போது எல்லார் கையிலும் ஒரு சன்ஸ்கிரீன் (வெயில் காப்பு கிரீம்) டியூப், எல்லாரிடமும் ஒரு கேள்வி. வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

டியூபில் எஸ்பிஎஃப் (வெயில் காப்பு எண்) 50 என்று போட்டிருக்கிறதே, அந்த எண்ணை அரசாங்கம் சோதித்துத் தருகிறதா சார்? (கல்லூரி மாணவி, கோரிப்பாளையம்)

இல்லை அம்மா. தயாரிக்கிறவர்தான் சோதனை செய்து போட வேண்டும். முறையான சோதனை மனிதர்கள் முதுகில் நடக்கும். குறைந்தது 10 பேர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் கிரீமைப் பூசி, வெயிலைப் போன்ற விளக்கொளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பாய்ச்சுவார்கள். மறுநாள் எந்த இடம் சிவந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். பூசாத தோல் சிவக்க ஒரு பங்கு ஒளி போதும், பூசிய இடம் சிவக்க 50 பங்கு வேண்டும் என்றால் எஸ்பிஎஃப் 50. ஐஎஸ்ஓ 24444 என்ற சர்வதேச முறை இதுதான்.

அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்து வகையில் வருகிறது. நம் நாட்டில் அது அழகுசாதனப் பொருள். 2020-ஆம் ஆண்டு அழகுசாதன விதிகளின்படி தயாரிக்க உரிமம் வேண்டும், பொய்யான வாசகம் லேபிளில் இருக்கக் கூடாது. ஆனால் புது மருந்துக்குக் கேட்பதுபோல, 'இது வேலை செய்கிறது என்று காட்டு, பிறகு விற்கலாம்' என்று யாரும் நிறுத்தி வைப்பதில்லை. இது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது. கட்டுப்பாடு கடுமையாக இருக்கும் ஆஸ்திரேலியாவிலேயே 2025-இல் ஒரு நுகர்வோர் அமைப்பு 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தது. 16 பொருட்கள் லேபிளில் சொன்ன அளவைத் தொடவில்லை. 50-க்கு மேல் என்று போட்டிருந்த ஒன்றுக்குக் கிடைத்தது வெறும் 4. அங்கேயே அப்படி என்றால், இங்கே கடையில் வாங்கும் நாம் கம்பெனியிடம் 'மனிதர்களிடம் சோதித்த அறிக்கை இருக்கிறதா' என்று கேட்டாக வேண்டும். மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் தராத கம்பெனியின் பொருளை நான் வாங்குவதில்லை.

அம்மா உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் பூ எடுக்கிறார். 'வாட்டர்ப்ரூஃப்' கிரீம் வாங்கித் தரலாமா அண்ணே?

அந்த வார்த்தையை நம்ப வேண்டாம் தம்பி. 'வாட்டர்ப்ரூஃப்', 'வியர்வையில் கரையாது' போன்ற வாசகங்களை அமெரிக்கா 2011-இலேயே தடை செய்துவிட்டது. தண்ணீரில் 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் தாங்கும் என்று, சோதித்த நேரத்தைத்தான் அங்கே போடலாம். துண்டால் முகம் துடைத்தால் எந்த கிரீமும் போய்விடும். அம்மாவுக்கு முதலில் முழுக்கைச் சட்டை, தலையில் முக்காடு. கிரீம் அதற்கு அப்புறம்தான்.

ஒரு வருடமாக எஸ்பிஎஃப் 50 பூசுகிறேன். கன்னத்து மங்கு குறையவே இல்லை. ஏன்? (இல்லத்தரசி, திருநகர்)

எஸ்பிஎஃப் அளப்பது தோல் சிவப்பதை மட்டும். அது பெரும்பாலும் வெயிலில் உள்ள யுவி-பி என்ற புற ஊதாக் கதிரின் வேலை. மங்கு கூடுவதில் யுவி-ஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிருக்கும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்குமே பங்கு இருக்கிறது. சிவப்பு தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதால் அந்தச் சோதனைக்கு வெளிர்நிறத் தோல் உள்ளவர்களைத்தான் எடுப்பார்கள். நம் நிறத்துக்காரர்களின் முதல் கவலையான கருமையைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்லாது.

யுவி-ஏ காப்புக்கு 'பிஏ' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் எத்தனை பிளஸ் என்று பாருங்கள். ஜப்பானில் 1996-இல் வந்த முறை, இப்போது நான்கு பிளஸ் வரை உண்டு. ஐரோப்பாவில், யுவி-ஏ காப்பு எஸ்பிஎஃப் எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் லேபிளிலும் அப்படி ஒரு விதி கட்டாயமாக வர வேண்டும். வெளிச்சத்தைத் தடுக்க, அயர்ன் ஆக்சைடு என்ற நிறமி சேர்ந்த, லேசாக நிறம் உள்ள சன்ஸ்கிரீன் உதவும். தோல் மருத்துவரையும் பாருங்கள்.

50-ஐ விட 100 இரண்டு மடங்கு நல்லதா?

இல்லை. எஸ்பிஎஃப் 30 யுவி-பி கதிரில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 என்றால் 98. அதற்கு மேல் வித்தியாசம் சொற்பம். பூசும் அளவில்தான் எல்லாரும் தவறுகிறார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். கஞ்சத்தனமாகப் பாதி பூசினால் 50 கிடைக்காது.

எங்கள் மகளிர் குழுவில், வெயிலைத் தடுக்கும் ஜிங்க் ஆக்சைடு பொடி கலந்து கிரீம் செய்கிறோம். எஸ்பிஎஃப் 30 என்று போடலாம் என்று அக்கா ஒருத்தர் சொன்னார். போடலாமா? (செல்லூர்)

போடாதீர்கள் அம்மா. பொடி எவ்வளவு சீராகப் பரவியிருக்கிறது என்பதில்தான் காப்பு இருக்கிறது, எடையை வைத்துக் கணக்குப் போட முடியாது. உரிமம் இல்லாமல் விற்பதும் குற்றம். உங்கள் கிரீமை நம்பி ஒரு பெண் உச்சி வெயிலில் நாற்று நடப் போவாள், அதை நினைத்துப் பாருங்கள்.

சந்தேகம் வந்தால் எங்கே போவது?

லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண், உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பொய்யான விளம்பரம் என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பொருள் மேலேயே சந்தேகம் என்றால், 1940-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, வாங்கியவரே கட்டணம் கட்டி அரசு பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.