தருமபுரியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். நானே காசு கொடுத்து வாங்கிய சிடியிலிருந்து வாடிக்கையாளரின் பென் டிரைவில் பாட்டு ஏற்றிக் கொடுப்பது தப்பா? பழைய பாட்டு என்றால் பரவாயில்லையா?

தப்புதான். சிடிக்குக் கொடுத்த காசில் அந்தத் தட்டைக் கேட்கலாம், வேண்டாம் என்றால் விற்கலாம். நகல் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கும் உரிமை அதில் சேராது. "பாட்டுக்கு இல்லை, ஏத்துற கூலிதான் வாங்குறேன்" என்ற பேச்சும் எடுபடாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் நீதிபதி குறைக்கலாம். கூலி வாங்கும் கடை அதைக் கேட்க முடியாது. 2022இல் உச்ச நீதிமன்றம் இதை ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று சொல்லிவிட்டது. வாரண்ட் இல்லாமலே எஸ்.ஐ. நகல்களைப் பறிமுதல் செய்யலாம்.

பழைய பாட்டில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு பாட்டில் வரி, மெட்டு, ஒலிப்பதிவு என மூன்று தனி உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு. மற்ற இரண்டுக்கும் எழுதியவர், இசையமைத்தவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டு. கண்ணதாசன் எழுதி எம்.எஸ்.விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து இசையமைத்த 1964ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்று என்று வையுங்கள். ஒலிப்பதிவின் உரிமை 2024 கடைசியோடு போச்சு. கவிஞர் 1981இல் காலமானதால் வரிக்கு 2041 வரையும், இசையமைத்த இருவரில் பின்னால் போன எம்.எஸ்.வி. 2015இல் மறைந்ததால் மெட்டுக்கு 2075 வரையும் உரிமை நிற்கிறது. 30 நொடி வரை எடுக்கலாம், பெயர் போட்டால் போதும் என்பதெல்லாம் சட்டத்தில் இல்லாத கதை.

உங்கள் சிடியை உங்கள் போனுக்கே மாற்றிக் கேட்பது வேறு. சொந்த உபயோகத்துக்கு 52ஆம் பிரிவில் இடம் உண்டு. திருட்டுத் தளத்தில் இறக்கிவிட்டு அதே பிரிவைக் காட்டுவதை நான் நம்ப மாட்டேன். மாரியம்மன் திருவிழா, கல்யாண ஊர்வலம் ஆகியவற்றில் பாட்டுப் போடவும் அதே பிரிவு விலக்கு தருகிறது. கடை ஸ்பீக்கருக்குத் தராது. அதற்கு லைசென்ஸ் வேண்டும், பாட்டு ஆப்புக்குக் கட்டும் சந்தா போதாது.

ஓசூர் ரோட்டு லாரிக்காரர் கேட்டால் இசை நிறுவனமே பாட்டு பதிந்து விற்கும் பென் டிரைவை வாங்கி விற்கலாம். ஆப்பில் ஆஃப்லைனாக இறக்கும் பாட்டு பூட்டிய கோப்பு. காப்பி செய்து வண்டி ஸ்டீரியோவில் செருகினால் பாடாது. சந்தா முடிந்தால் போனிலும் பாடாது என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.